திராட்சைத் தோட்டத்தில் ஓர் இரவு... வாடகை கிடையாது! அப்போ விவசாயிக்கு என்ன லாபம்?

மாலை ஆறு மணி. பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அல்சாஸ் பகுதி. மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். மண் பாதையில் மெதுவாக ஏறி வரும் ஒரு வெள்ளை கேம்பர்வேன், பழைய வீடு ஒன்றின் முற்றத்தில் வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கிப் போய் கதவைத் தட்டுகிறார். "போன்ஷூர்" என்று வணக்கம் சொல்லி, கையில் உள்ள அட்டையைக் காட்டுகிறார். வீட்டுக்காரர் கைகாட்டிய இடத்தில், வால்நட் மரத்தடியில், வண்டி நிற்கிறது. அன்றிரவு அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வீடு.

வாடகை? பூஜ்யம். முன்பணம்? இல்லை. ஆன்லைன் புக்கிங்? அதுவும் இல்லை.

"சும்மா தர்றாங்களா? ஏதாவது உள்குத்து இருக்கும்" என்று தோன்றுகிறதா? நியாயமான சந்தேகம்தான். முன்பின் தெரியாத ஒருவரைத் தன் நிலத்தில் இரவு தங்க வைப்பதால் ஒரு விவசாயிக்கு என்ன கிடைக்கும்? தங்குபவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன ஏற்பாடு?

பிரான்ஸில் 1993-ல் தொடங்கியது 'ஃபிரான்ஸ் பாசியோன்' என்ற அமைப்பு. யோசனை ரொம்ப எளிமையானது. திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிப்பவர்கள், ஆடு மாடு வளர்ப்பவர்கள், தேனீ வளர்ப்பவர்கள், ஆலிவ் எண்ணெய் ஆட்டுபவர்கள், கைவினைக் கலைஞர்கள் என்று பலரும் இதில் உறுப்பினர்கள். தங்கள் இடத்தில் சில வண்டிகள் மட்டும் நிற்க இடம் ஒதுக்குகிறார்கள். கேம்பர்வேனில் பயணம் செய்பவர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். 30 யூரோவை ஒட்டிய தொகை. இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,000 ரூபாய்.

சந்தா கட்டியவருக்கு எந்தப் பண்ணை எங்கே இருக்கிறது, அங்கே என்ன கிடைக்கும், எத்தனை வண்டி நிற்கலாம் என்று சொல்லும் கையேடு கிடைக்கும். கூடவே வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். இப்போது ஆப்பும் உண்டு. பிரான்ஸ் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் இதில் இருக்கின்றன.

ஒரு பண்ணையில் அதிகபட்சம் 24 மணி நேரம், அதாவது ஓர் இரவு, தங்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எதையும் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதே பாணியில் ஜெர்மனியில் 'லேண்ட்ஃபெர்க்னூகன்' 2014 முதல் இயங்குகிறது. அமெரிக்காவில் 2010-ல் தொடங்கிய 'ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்' அமைப்பில் 5,000-க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அங்கே ஒயின் தோட்டம், பண்ணை தவிர பீர் தயாரிக்கும் இடங்களும் அருங்காட்சியகங்களும்கூட பட்டியலில் வரும்.

நம் ஊரில் பழைய வீடுகளின் வாசலில் திண்ணை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வழிப்போக்கர் வந்து படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்பிப் போவார். யாரும் வாடகை கேட்டதில்லை. ஆனால் திண்ணைக்கும் ஒரு மரியாதை இருந்தது. வந்தவர் கேட்டுவிட்டுத்தான் படுப்பார், போகும்போது சொல்லிவிட்டுத்தான் போவார். ஏறக்குறைய அதே கணக்குதான் இங்கேயும். ஒரே ஒரு வித்தியாசம், வழிப்போக்கர் தன் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் கூடவே ஓட்டிக்கொண்டு வருகிறார்.

எந்த வண்டியிலும் போய்விட முடியுமா?

முடியாது. இந்த ஏற்பாட்டின் முதல் நிபந்தனையே, வண்டி முழுக்கத் தன்னிறைவு பெற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான். கழிப்பறை வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். குடிநீர்த் தொட்டி, கழிவுநீரைச் சேமிக்கும் தொட்டி, மின்சாரத்துக்குத் தனி பேட்டரி எல்லாம் வேண்டும். காரின் பின் சீட்டை மடித்துப் படுப்பவர்களுக்கும், கூடாரம் போடுபவர்களுக்கும் இங்கே இடமில்லை.

ஏன் இவ்வளவு கறார்? பண்ணைக்காரர் தருவது நிற்க இடம் மட்டும்தான். குளியலறை, கழிப்பறை, கரண்ட் எதையும் அவர் தர வேண்டியதில்லை. சிலர் அன்பாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அது அவர் விருப்பம், உங்கள் உரிமை இல்லை.

ஒரு சராசரி கேம்பர்வேனில் சுமார் 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 'கேசட்' என்று சொல்லப்படும் கழிப்பறைத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 18 லிட்டர். இரண்டு பேர் பயணம் செய்தால் இரண்டு, மூன்று நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் அதைக் காலி செய்ய வேண்டியது ஊராட்சிகளும் முகாம் தளங்களும் வைத்திருக்கும் சர்வீஸ் பாயிண்டில்தான். பண்ணையில் ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொடியடியில் ஊற்றினால் என்ன என்று தோன்றலாம். கூடாது. அதில் சோப்பும் எண்ணெயும் இருக்கிறது. அந்த மண்தான் அவருடைய தொழில்.

போய் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

எழுதப்பட்ட விதிகளும் எழுதப்படாத மரியாதைகளும் கலந்த பட்டியல் இது:

• வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இரவு பத்து மணிக்குத் திடீரென்று ஹெட்லைட் அடித்தால், நாய் குரைக்கும், வீடே எழுந்துவிடும்.

• வண்டியை நிறுத்தும் முன் நேரில் போய் வணக்கம் சொல்லுங்கள், அட்டையைக் காட்டுங்கள். சொல்லாமல் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குவது இங்கே பெரிய அவமரியாதை.

• பிரெஞ்சு ஏற்பாட்டில் முன்பதிவு கிடையாது. அதனால் இடம் நிரம்பியிருக்கலாம். 'இன்று முடியாது' என்றால் முகம் சுளிக்காமல் அடுத்த பண்ணையைத் தேட வேண்டியதுதான். கைவசம் இரண்டு மூன்று மாற்று இடங்களைக் குறித்து வைத்திருப்பது நல்லது.

• சொன்ன இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். டிராக்டர் பாதையை மறிக்காதீர்கள்.

• மேசை நாற்காலி போட, வெளிப்பந்தலை விரிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் அடுப்பு மூட்டவே கூடாது. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

• கொடியில் தொங்கும் பழத்தைப் பறிக்காதீர்கள். 'ஒரே ஒரு கொத்துதானே' என்று வருபவர் எல்லோரும் நினைத்தால்? தவிர, மருந்து தெளித்திருக்கவும் வாய்ப்புண்டு.

• நாய் இருந்தால் கயிற்றில் கட்டியே வைத்திருங்கள். ஆட்டுப் பண்ணைகளில் மின்வேலி இருக்கும். குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

• கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அறுவடைக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பிரான்ஸில் திராட்சை அறுவடை பொதுவாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். பார்க்க அழகான பருவம். ஆனால் வீட்டுக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. விடியும் முன்பே டிராக்டர் சத்தம் கேட்கும். சில பண்ணைகள் அந்த வாரங்களில் யாரையும் ஏற்பதில்லை. கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

சரி, விவசாயிக்கு என்னதான் லாபம்?

இதைப் புரிந்துகொள்ள, பிரெஞ்சு ஒயின் தொழில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒயின் என்றாலே பிரான்ஸ்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பிரெஞ்சுக்காரர்களே குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஒருவர் ஆண்டுக்குக் குடித்த ஒயின் சராசரியாக 100 லிட்டருக்கும் மேல். இப்போது அது சுமார் 40 லிட்டர். முன்பு தினமும் சாப்பாட்டு மேசையில் இருந்த பாட்டில், இப்போது வார இறுதிக்கானதாகிவிட்டது. இளைஞர்கள் பலர் பீருக்கும் காக்டெயிலுக்கும் மாறிவிட்டார்கள், அல்லது குடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

விளைச்சல் அதிகம், வாங்க ஆளில்லை. கதை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? தக்காளி விலை விழுந்ததும் சாலையில் கொட்டிவிட்டுப் போகும் நம் விவசாயியின் கதைதான். அங்கே திராட்சைக் கொடியையே வேரோடு பிடுங்குகிறார்கள். 2024-ல் பிரெஞ்சு அரசு கொடிகளை நிரந்தரமாக அகற்றுபவர்களுக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ இழப்பீடு என்று அறிவித்தது. ஒதுக்கிய தொகை 12 கோடி யூரோ. வகுத்துப் பார்த்தால் 30,000 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்கும் அளவுக்கான பணம். ஏறக்குறைய 74,000 ஏக்கர்!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற போர்தோ பகுதியில் மொத்த வியாபாரிகள் ஒயினை 'டோனோ' என்ற அளவில் வாங்குகிறார்கள். ஒரு டோனோ என்பது 900 லிட்டர். பாட்டிலில் அடைத்தால் 1,200 பாட்டில். அண்மை ஆண்டுகளின் நெருக்கடியில் அங்கே சாதாரண சிவப்பு ஒயின் டோனோ 1,000 யூரோவுக்கும் கீழே விற்றது. ஆயிரம் யூரோ என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பாட்டில் ஒயினுக்கு விவசாயி கையில் வருவது 83 சென்ட். ஒரு யூரோகூட இல்லை!

அதே விவசாயி தன் வீட்டு வாசலில் ஒரு பாட்டிலை 8 யூரோவுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டில், தக்கை, லேபிள், வரி எல்லாம் கழித்தாலும் கையில் நிற்பது பல மடங்கு. மரத்தடியில் தூங்கி எழுந்த ஒரு குடும்பம் காலையில் இரண்டு பாட்டில் வாங்கினால் 16 யூரோ. மொத்த வியாபாரியிடம் அந்தப் பணத்தைப் பார்க்க அவர் 19 பாட்டில் அளவு ஒயினைக் கொடுக்க வேண்டும்.

இப்போது புரிகிறதா? அந்த முற்றம் அவருக்குச் செலவில்லாத கடை. வாடகை வாங்காத மரத்தடிதான் அவருடைய விளம்பரப் பலகை. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் நூறு லேபிள்களுக்கு நடுவே தன் பாட்டில் தொலைந்துபோகும் சின்ன உற்பத்தியாளருக்கு, நேருக்கு நேர் நின்று பேசிச் சுவைத்து வாங்கும் ஒரு வாடிக்கையாளர் என்பது பெரிய விஷயம். பிடித்துப்போனால் அவர் அடுத்த வருடமும் வருவார். நண்பரிடம் சொல்வார். பெட்டியாக அனுப்பச் சொல்லி ஆர்டர் போடுவார்.

அப்போ வாங்கியே ஆகணுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நாடுகள் வேறு வேறு பதில் சொல்கின்றன.

பிரான்ஸில் பதில், 'கட்டாயமில்லை'. எதுவும் வாங்காமல் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாலும் விதிமீறல் இல்லை. அங்கே இதை 'அழைப்பு' என்றே சொல்கிறார்கள். அழைத்தவர் விருந்தாளியிடம் பில் நீட்ட மாட்டார் அல்லவா?

அமெரிக்காவில் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசிவிடுகிறார்கள். ஆண்டுச் சந்தா சுமார் 100 டாலர். ஆப் வழியாக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தங்கும் இடத்தில் 30 டாலர் அளவுக்காவது ஏதாவது வாங்குங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அதைவிடக் குறைவாக ஒரு முகாம் தளத்தில் தங்க முடியாது என்பது அவர்களின் வாதம்.

எது சரி? இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு முறை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டாயம் என்று சொல்லிவிட்டால், வாங்கும் பாட்டில் வாடகை ஆகிவிடும். 'என் முப்பது யூரோவுக்கு என்ன தந்தீங்க' என்ற கேள்வி வரும். தண்ணீர் ஏன் இல்லை, வைஃபை ஏன் வரவில்லை என்ற புகார் வரும். பண்ணைக்காரர் லாட்ஜ் ஓனர் ஆகிவிடுவார். கட்டாயம் இல்லாதபோது அவர் வீட்டுக்காரராகவே இருக்கலாம், நீங்கள் விருந்தாளியாகவே இருக்கலாம். வாங்குவது உங்கள் மனசாட்சியின் பொறுப்பு.

அதற்காக, 'கட்டாயம் இல்லைன்னு சொன்னாங்களே' என்று பத்து இரவும் பத்துப் பண்ணையில் தூங்கிவிட்டு, சாமான்களைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால்? யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அதிகமானால், அந்தப் பண்ணை அடுத்த ஆண்டு பட்டியலில் இருக்காது. பண்ணைக்காரர் விலகிக்கொள்ள ஒரு கடிதம் போதும். இந்த மொத்த ஏற்பாட்டையும் தாங்கி நிற்பது அந்த மெல்லிய நூல்தான்.

எங்கேயாவது ஓரமாக நிறுத்தித் தூங்கினால் என்ன?

பிரான்ஸில் சட்டம் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று பார்க்கிங், இன்னொன்று முகாமிடுவது. கேம்பர்வேனும் ஒரு வாகனம்தான். பார்க்கிங் அனுமதி உள்ள இடத்தில் அதை நிறுத்தலாம். ஆனால் பந்தலை விரித்து, நாற்காலி போட்டு, வெளியே அடுப்பு வைத்தால் அது முகாம் ஆகிவிடும். கடற்கரை, பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள் போன்ற இடங்களில் முகாமிடத் தடை உண்டு. மேயர்களும் உள்ளூர் அளவில் கட்டுப்பாடு போட முடியும்.

கொரோனாவுக்குப் பிறகு 'வேன் லைஃப்' மோகம் ஏறியது. வண்டிகள் பெருகின. கூடவே குப்பையும், கொட்டிய கழிவும், உள்ளூர்க்காரர்களின் கோபமும் பெருகின. கடற்கரை ஊர்கள் பலவற்றில் பார்க்கிங் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி வந்துவிட்டது. கார் நுழையும், கேம்பர்வேன் நுழையாது.

ஒரு பக்கம் தடுப்புக் கம்பி, இன்னொரு பக்கம் 'வாங்க, மரத்தடியில நிறுத்திக்கோங்க' என்று சொல்லும் வீடு. இரண்டும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. கம்பியைக் கொண்டுவந்தது வண்டி அல்ல, வண்டியில் வந்தவர்களின் நடத்தை.

ஒயின் சுவைத்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

இதற்கு நேரடியான பதில்: வேண்டாம். பிரான்ஸில் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரைதான் அனுமதி. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம். இந்தியாவில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 0.3 கிராம். நான்கைந்து வகை ஒயினைச் சுவைத்து விழுங்கினாலே எல்லையைத் தொட்டுவிட வாய்ப்புண்டு.

தோட்டத்திலேயே தங்கும் ஏற்பாட்டின் பெரிய பலன் இதுதான். மாலையில் சுவைத்துப் பார்த்துவிட்டு, பத்து அடி நடந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஓட்ட வேண்டியது மறுநாள்தான். அல்சாஸில் 1953-ல் உருவாக்கப்பட்ட 'ஒயின் பாதை' சுமார் 170 கிலோமீட்டர் நீளம். வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கி தெற்கே தான் என்ற ஊர் வரை போகிறது. வழி நெடுக ஊருக்கு ஊர் சுவைக்கும் இடங்கள். ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் அப்படி முடிப்பதற்கான பாதை அல்ல.

சுவைக்கும் இடத்தில் ஒயினை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். அது அவமரியாதை இல்லை. தொழில் தெரிந்தவர்கள் செய்வதே அதுதான்.

சின்ன உற்பத்தியாளரை எப்படி அடையாளம் காண்பது? பாட்டில் மூடியில் தோளில் பீப்பாய் சுமக்கும் மனிதனின் சின்னம் இருந்தால், அது சுயேச்சை ஒயின் உற்பத்தியாளர்களின் அடையாளம். கொடி வளர்ப்பதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை தானே செய்கிறார் என்று பொருள்.

நான் குடிக்க மாட்டேனே?

பிரச்சினையே இல்லை. கையேட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒயின்காரர்கள் அல்ல. ஆட்டுப்பால் சீஸ், தேன், ஆப்பிள் சாறு, ஆலிவ் எண்ணெய், லாவெண்டர், ஜாம், சிப்பி என்று பிரான்ஸின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொன்று. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஆட்டுப் பண்ணைதான் முதல் சாய்ஸ். பால் கறக்கும் நேரத்தில் எட்டிப் பார்க்க விடுவார்கள் என்றால், அதற்கு மேல் எந்த தீம் பார்க்கும் வேண்டாம்.

செலவு உண்மையிலேயே குறையுமா?

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். முகாம் தளத்தில் ஓர் இரவுக்கு 30 யூரோ என்று வைத்துக்கொள்வோம். பத்து இரவில் ஐந்து இரவைப் பண்ணையில் கழித்தால் 150 யூரோ மிச்சம். சந்தா 30. ஒவ்வொரு பண்ணையிலும் 20 யூரோவுக்கு ஏதாவது வாங்கினால் 100. மொத்தத்தில் கையில் மிஞ்சுவது 20 யூரோ.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனால் அந்த 100 யூரோ காற்றில் போகவில்லை. சீஸாகவும் தேனாகவும் ஒயினாகவும் உங்கள் வண்டியில் இருக்கிறது. ஆகவே, 'ஓசியில் தங்கலாம்' என்று யாராவது ரீல்ஸில் சொன்னால், பாதியை மட்டும் நம்புங்கள். பணத்தை மிச்சம் பிடிப்பதற்கான வழி அல்ல இது. அதே பணம் யார் கைக்குப் போகிறது என்பதை மாற்றும் வழி.

பெரிய செலவு வண்டி வாடகைதான். பருவத்தையும் வண்டியின் அளவையும் பொறுத்து அது ரொம்பவே மாறும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் பர்ஸுக்கு நல்லது. இன்னொரு சின்ன விஷயம்: பிரான்ஸின் விரைவுச் சாலைகளில் டோல் வண்டியின் உயரத்தைப் பொறுத்தது. 2 மீட்டருக்கு மேல் உயரம் போனாலே காரைவிட அதிகக் கட்டணம். வண்டியைத் தேர்வு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

லண்டன், பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது வார இறுதிப் பயணம். இங்கிருந்து போகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும்.

• ஆர்டிஓ அலுவலகத்தில் கிடைக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். அதோடு இந்திய லைசென்ஸையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

• சாதாரண கார் லைசென்ஸில் அங்கே ஓட்டக்கூடியது 3.5 டன் வரையிலான வண்டிதான். அதற்கு மேல் எடை உள்ளவற்றைத் தொடாதீர்கள். வாடகை நிறுவனங்கள் வயதுக்கும், லைசென்ஸ் எடுத்து எத்தனை ஆண்டு ஆனது என்பதற்கும் நிபந்தனை வைப்பதுண்டு.

• ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் இடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். முன்பதிவே இல்லாத பண்ணை இரவுகளை அங்கே காட்ட முடியாது. அதனால் சில இரவுகளை முகாம் தளங்களில் பதிவு செய்து, வண்டி வாடகை ஒப்பந்தத்தோடு, 'கேம்பர்வேன் பயணம்' என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதே நல்லது. 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

• அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாளே மலைப்பாதைக்குப் போகாமல், முதல் இரவை ஊருக்கு அருகில் உள்ள முகாம் தளத்தில் கழித்து, வண்டியின் தண்ணீர், கேஸ், டாய்லெட் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று பழகிக்கொள்ளுங்கள்.

• நாலு பிரெஞ்சு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். 'போன்ஷூர்' சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால், ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதது போல நிற்பார். அங்கே வணக்கம் என்பது அவ்வளவு முக்கியம்.

நம்ம ஊரில் வருமா?

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பார்க் திறக்கப்பட்டது. ஆனால் அது கட்டணம் கட்டித் தங்கும் சுற்றுலா. விவசாயியின் முற்றத்தில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம்.

அதற்கான பொருள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடலூர், சுருளிப்பட்டி பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, பந்தலுக்குள் நுழைந்து போட்டோ எடுத்து, இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு கிளம்புவது வழக்கம்தான். அங்கும் கமிஷன் மண்டி விலைக்கும் வாசல் விலைக்கும் உள்ள தூரம் விவசாயிக்குத் தெரியும். வண்டிகளும் வசதிகளும் காலப்போக்கில் வரலாம். ஆனால் அதற்கு முன் வர வேண்டிய ஒன்று இருக்கிறது. 'வந்தவன் குப்பை போடாமல் போவான்' என்று விவசாயி நம்ப வேண்டும்.

காலை எட்டு மணி...

திரும்ப அல்சாஸுக்கே போவோம். கொடிகளின் மேல் பனி இன்னும் கலையவில்லை. வண்டியில் காபி வாசனை. வந்த குடும்பம் பந்தலை மடித்து, நின்ற இடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்க்கிறது. ஒரு காகிதத் துண்டு கிடக்கிறதா, எண்ணெய் சொட்டியிருக்கிறதா? இல்லை.

கதவைத் தட்டுகிறார்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே தோட்டத்துக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறார். நேற்று மாலை சுவைத்ததில் பிடித்துப்போன ரீஸ்லிங் மூன்று பாட்டில் கேட்கிறார்கள். அவர் எடுத்து வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றித் தருகிறார். பணம் கைமாறுகிறது. கை குலுக்குகிறார்கள். வண்டி மண் பாதையில் இறங்குகிறது.

வால்நட் மரத்தடி மறுபடியும் காலியாக இருக்கிறது. இன்று மாலை வேறு யாரோ வருவார்கள். அவர்களுக்கும் அந்த இடம் கிடைப்பது, நேற்று தங்கியவர்கள் எப்படிக் கிளம்பிப் போனார்கள் என்பதைப் பொறுத்தது.